கேட்டுலயும் வாங்குறீங்க, ரைடுலயும் வாங்குறீங்க: தீம் பார்க் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரிய தீம் பார்க் நடத்துற நிறுவனங்களோட நிர்வாகத்துக்கு வணக்கம்.

டிஸ்னி, யுனிவர்சல்னு பேரைச் சொன்னாலே பிள்ளைங்க கண்ணு விரியுதே, அந்த மாதிரி பார்க் நடத்துற எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறேன். இவ்வளவு காசைக் கொட்டி பிள்ளைங்களை அங்க கூட்டிட்டுப் போறது தகுமா தகாதான்னு பெத்தவங்க நாலு பேரு கூடுற இடத்துல எல்லாம் பேச்சு வருது. போயிட்டு வந்தவங்க ஒருத்தர் "வாழ்நாள்ல ஒரு தடவையாவது போயிடணும்"ங்கிறாரு, இன்னொருத்தர் "அந்தக் காசுக்கு மூணு ஊரு பார்த்திருக்கலாம்"ங்கிறாரு, ரெண்டு பேரும் பொய் சொல்லல. நான் என்ன நினைக்கிறேன்னு முதல்லயே சொல்லிடறேன். அந்த இடம் காசுக்குத் தகும், ஆனா நீங்க இப்போ அதை விக்கிற விதம் இருக்கே, அதனாலதான் நிறைய குடும்பத்துக்குத் தகாமப் போகுது. டிக்கெட் விலை ஏறினதை மட்டும் வச்சு இதைச் சொல்லல.

வால்ட் டிஸ்னிக்கு இந்த யோசனை எப்படி வந்துச்சுன்னு அவரே சொன்ன கதை உங்களுக்குத் தெரியாததில்ல. லாஸ் ஏஞ்சல்ஸ்ல கிரிஃபித் பார்க்ல அவரோட பொண்ணுங்க ரெண்டு பேரும் ராட்டினத்துல சுத்திட்டிருக்க, அவரு பெஞ்ச்ல உக்காந்து வேடிக்கை பார்த்துட்டு இருந்தாராம், பெத்தவங்க ஓரமா உக்காந்து பார்க்குறதா இல்லாம பிள்ளைங்களோட சேர்ந்தே சந்தோஷமா இருக்குற மாதிரி ஒரு இடம் வேணும்னு அப்போ தோணுச்சாம். நாங்க காசு குடுக்குறது அந்த ஒண்ணுக்குத்தான். ரோலர் கோஸ்டரோ வாணவேடிக்கையோ வேற எங்கயும் கிடைக்கும், ஆனா வேலை, சமையல், ஹோம்வொர்க் எதுவும் குறுக்க வராம ஒரு முழு நாள் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து சிரிக்கிறது வீட்டுல கிடைக்காது. அதுக்குப் பெரிய விலை குடுக்கவும் நாங்க தயார்தான்.

இப்போ விலைக்கு வர்றேன். 1955 ஜூலை 17-ஆம் தேதி டிஸ்னிலேண்ட் திறந்தப்போ உள்ள போக பெரியவங்களுக்கு 1 டாலர், பிள்ளைங்களுக்கு அதுல பாதி, ரைடுக்குத் தனித்தனியா காசு. 1971-ல ஃப்ளோரிடாவுல வால்ட் டிஸ்னி வேர்ல்ட் திறந்தப்போ நுழைவுக் கட்டணம் 3.50 டாலர், அதுலயும் ரைடு சேராது. பணவீக்கத்தைக் கணக்குல சேர்த்தாலும் அந்த 3.50 இன்னைக்கு 30 டாலரைத் தொடாது. அப்புறம் 1982-ல ரைடு கூப்பனை எல்லாம் எடுத்துட்டு, ஒரே டிக்கெட் வாங்கினா நாள் முழுக்க எத்தனை ரைடு வேணா போகலாம்னு ஆக்குனாங்க. இதுதான் குடும்பங்களுக்கு நடந்த பெரிய நல்லது. ஒரு தடவை காசைக் கட்டிட்டு உள்ள போயிட்டா அதுக்கப்புறம் பர்ஸைத் தொட வேண்டாம், பிள்ளை "இன்னொரு தடவை"ன்னு கேட்டா எவ்வளவு ஆகும்னு யோசிக்காம சரின்னு சொல்லலாம், அந்த "சரி"க்குத்தானே அவ்வளவு தூரம் வர்றோம்.

வரிசையும் அப்போ எல்லாருக்கும் ஒண்ணுதான், பெரிய ஆளு வீட்டுப் பிள்ளையும் என் பிள்ளையும் ஒரே கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கும். 1999-ல டிஸ்னில ஃபாஸ்ட்பாஸ்னு வந்தப்போகூட அது இலவசம்தான், டிக்கெட்டை மெஷின்ல விட்டா எத்தனை மணிக்குத் திரும்பி வரணும்னு ஒரு சீட்டு வரும், அந்த நேரத்துக்கு வந்தா நீள வரிசையில நிக்காம ஏறிக்கலாம், யாரு வேணா எடுக்கலாம். 2021-ல அதை எடுத்துட்டு காசு கட்டுற சிஸ்டம் கொண்டு வந்தீங்க, டிஸ்னி வேர்ல்ட்ல ஆரம்ப விலை ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர், அதுலயும் ரொம்பப் பிரபலமான ரைடுக்குத் தனியா கட்டணும். 2024-ல பிரீமியர் பாஸ்னு ஒண்ணு வந்துச்சு, அதை வாங்கினா நேரம் குறிக்காமலே எப்போ வேணா வேக வரிசையில போகலாம். வந்தப்போ டிஸ்னி வேர்ல்ட்ல அது தேதியையும் பார்க்கையும் பொறுத்து ஒரு ஆளுக்கு 129-ல இருந்து 449 டாலர் வரைக்கும் இருந்துச்சு. நாலு பேர் இருக்குற குடும்பத்துக்கு உச்ச விலை நாள்ல அது மட்டும் 1,796 டாலர் ஆச்சு, வரி தனி, உள்ள போற டிக்கெட் தனி, அதுவும் ஒரு பார்க்ல ஒரு நாளைக்குத்தான், ஒவ்வொரு ரைடும் ஒரு தடவைதான்.

வேணும்கிறவங்க வாங்கட்டும், வேண்டாதவங்க நிக்கட்டும், இதுல என்ன தப்புன்னு கேப்பீங்க. தப்பு இருக்கு. ஒரு ரைடு ஒரு மணி நேரத்துல இத்தனை பேரைத்தான் ஏத்த முடியும், அது மெஷினோட கணக்கு, யாராலயும் மாத்த முடியாது. அதுல ஒரு பங்கு சீட்டை காசு கட்டின வரிசைக்கு ஒதுக்கினா மீதி சீட்டுக்குத்தான் சாதா வரிசை நகரும். அதாவது நீங்க ஒருத்தருக்கு விக்கிற அரை மணி நேரம் சாதா வரிசையில நிக்கிற மத்தவங்ககிட்ட இருந்து எடுத்தது, அவங்களும் உங்களுக்கு முழு டிக்கெட் காசு கட்டினவங்கதான். ஒரு பெரிய பார்க்ல நாங்க அப்படி நின்னப்போ பக்கத்து வழில ஆளுங்க நடந்துட்டே போறதைப் பார்த்து என் சின்னது கேட்டுச்சு, "அவங்க ஏன்மா நிக்கல?" அதுக்குப் பதில் சொல்ற வேலையை நீங்க எங்ககிட்ட குடுத்துட்டீங்க, அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகல.

இதுல எனக்குப் பொறுக்காதது என்னன்னா 1982-க்கு முன்னாடி இருந்த தனித்தனி கட்டணமும் திரும்பி வந்துருச்சு, 1982-க்குப் பின்னாடி வந்த பெரிய கேட் கட்டணமும் அப்படியே இருக்கு. ரெண்டுல எதையாவது ஒண்ணை வச்சுக்கிட்டா நியாயம். பென்சில்வேனியாவுல நோபெல்ஸ்னு ஒரு பழைய குடும்பப் பார்க் இருக்கு, உள்ள போறது ஃப்ரீ, பார்க்கிங் ஃப்ரீ, எந்த ரைடு ஏறுறீங்களோ அதுக்கு மட்டும் காசு. ரைடே ஏறாத பாட்டி தாத்தா சும்மா கூட வந்து மரத்தடில உக்காந்துக்கலாம், அவங்களுக்கு ஒரு காசு கிடையாது. இண்டியானாவுல ஹாலிடே வேர்ல்டு இதுக்கு நேர் எதிர், கேட்ல காசு வாங்கிடறாங்க, ஆனா பார்க்கிங், குளிர்பானம், வெயில்ல பூசிக்கிற க்ரீம் எல்லாம் ஃப்ரீயா வச்சிருக்காங்க. ரெண்டுமே உங்க அளவுக்குப் பெரிய இடம் இல்லதான், உங்க ரைடு ஒண்ணுக்கு ஆகுற செலவு அவங்களுக்கு இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா அங்க போற ஒரு அப்பாவுக்கு இன்னைக்கு எவ்வளவு ஆகும்னு வாசல்லயே தெரிஞ்சிடும், உங்க இடத்துல ராத்திரி ஹோட்டல் திரும்பி கார்டு மெசேஜை எல்லாம் கூட்டிப் பார்த்தாத்தான் தெரியும்.

தேதிக்கு ஒரு விலைங்கிற சிஸ்டத்தைப் பத்தியும் பேசணும். 2024 அக்டோபர்ல டிஸ்னிலேண்ட் ரொம்பக் கூட்டமான நாளுக்கு ஒரு நாள் டிக்கெட்டை 206 டாலராக்குச்சு, ஆனா ரொம்பக் குறைஞ்ச விலை நாளுக்கு 104 டாலர்ங்கிறதை 2019-ல இருந்து மாத்தலன்னு சொன்னீங்க. கூட்டத்தைப் பிரிச்சு விட இது ஒரு வழின்னு புரியுது, கல்யாணம் ஆன புதுசுல ரெண்டு பேரா போறவங்களுக்கும் ரிட்டயர் ஆனவங்களுக்கும் இது நல்லதுதான், அவங்க ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்துப் போவாங்க. ஸ்கூல் போற பிள்ளை இருக்குற வீடு எந்தச் செவ்வாய்க்கிழமை போகும்? லீவு விட்டாத்தான் போக முடியும், லீவு விட்டா உச்ச விலை. யாருக்காக இந்தப் பார்க்கைக் கட்டுனீங்களோ அவங்க தலையிலதான் பெரிய விலை விழுது. குழந்தை டிக்கெட்னு ஒண்ணு இருக்கேன்னு பார்த்தா, அந்த 104 டாலர் நாள்ல 3 வயசுல இருந்து 9 வயசு வரைக்கும் 98 டாலர், பத்து வயசு ஆயிட்டா உங்க கணக்குல பெரியவங்க. 1955-ல பாதி விலைன்னு ஆரம்பிச்ச இடம் ஆறு டாலர் தள்ளுபடில வந்து நிக்குது. இத்தனைக்கும் 2025 தொடக்கத்துல கொஞ்ச காலம் பிள்ளைங்களுக்கு 50 டாலர்னு நீங்களே குடுத்தீங்க, அப்போ முடியாத காரியம் இல்லன்னுதானே அர்த்தம்.

உயரம் பார்க்குற விஷயம் அடுத்தது. பாதுகாப்புக்காக வைக்கிறதை நான் குறை சொல்லவே மாட்டேன், அது கட்டாயம் வேணும். ஆனா ரைடு வாசல்ல அந்த அளவுகோல் பக்கத்துல அரை மணி நேரம் நின்னு பாருங்க. அஞ்சு வயசு இருக்கும் ஒரு பையன், முதுகை விறைப்பா வச்சு மூச்சை இழுத்துப் பிடிச்சுட்டு நிக்கிறான், குதிகால் மெதுவா மேல எழும்புது, வேலை பார்க்குற பொண்ணு குனிஞ்சு சிரிச்சுட்டே "காலைக் கீழ வை ராஜா"ன்னு சொல்ற மாதிரி சைகை காட்டுது, கம்பி அவன் முடிக்கு மேல ரெண்டு விரல் இடைவெளில நிக்குது. அழாமத்தான் திரும்புறான், அவங்க அப்பா சட்டையைப் பிடிச்சதும் உடைஞ்சிடறான். ஃப்ளோரிடா மேஜிக் கிங்டம்ல ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112 சென்டிமீட்டர், ட்ரான் ரைடுக்கு 122 சென்டிமீட்டர் வேணும், இது உங்க வெப்சைட்ல எங்கயோ இருக்கு, ஆனா டிக்கெட் வாங்குற பக்கத்துல பிள்ளையோட வயசை மட்டும் கேக்குறீங்க, உயரத்தைக் கேக்கறதில்ல. கேட்டா என்ன ஆகும்? "உங்க பிள்ளைக்கு இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்"னு சில பேருக்குச் சொல்ல வேண்டி வரும். அதைச் சொல்ல உங்களுக்கு மனசு வரணும்.

மூணு வயசுக்குக் கீழ ஃப்ரீன்னு போட்டிருக்கீங்க, அதை நம்பி கைக்குழந்தையோட போற குடும்பங்களையும் பார்க்குறேன். பெரியவங்களோட முதல் ஞாபகம் பெரும்பாலும் மூணு, மூணரை வயசுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குதுன்னு மனோதத்துவ ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க, அந்தக் குழந்தைக்கு வெயிலும் தூக்கம் கெட்டதும்தான் மிச்சம். பெத்தவங்களுக்கு சந்தோஷம்னா தாராளமா போகட்டும், ஆனா "குழந்தைக்காக"ன்னு கடன் வாங்கிப் போகாதீங்கன்னு யாராவது சொல்லணும், விளம்பரத்துல எப்பவும் கைக்குழந்தை சிரிச்சுட்டேதான் இருக்கு.

போன் விஷயம் எல்லாத்தையும் விட மோசம். எந்த ரைடுக்கு எப்போ ஸ்லாட், எங்க எவ்வளவு நேரம் காத்திருக்கணும், சாப்பாடு ஆர்டர் பண்ண, ஷோவுக்கு இடம் பிடிக்க எல்லாமே ஆப். சுத்திப் பார்த்தா வீட்டுக்கு ஒருத்தர் கட்டாயமா தலையைக் குனிஞ்சு திரையைத் தேய்ச்சுட்டே நடக்குறாங்க, பிள்ளை கையை இழுத்து "அங்க பாரு அங்க பாரு"ன்னா "இரு, ஸ்லாட் போயிடும்"னு பதில் வருது. அன்னைக்கு கிரிஃபித் பார்க் பெஞ்ச்ல உக்காந்திருந்த அப்பாவாவது பொண்ணுங்களைப் பார்த்துட்டு இருந்தாரு.

பிள்ளைங்களை சந்தோஷப்படுத்த இவ்வளவும் தேவையே இல்லங்கிறதுக்கு நெதர்லாந்துல எஃப்டெலிங் பார்க்கைச் சொல்லுவேன். 1952-ல தேவதைக் கதைக் காட்டோட ஆரம்பிச்ச இடம், இன்னைக்குப் பெரிய ரோலர் கோஸ்டர் எல்லாம் அங்கயும் இருக்கு. ஆனா அங்க பேர் போனது என்னன்னா ஒரு குப்பைத் தொட்டி. வாயைப் பெருசா திறந்துட்டு உக்காந்திருக்குற குண்டு மனுஷன் உருவம், "பேப்பரை இங்க போடு"ன்னு அதுவே கூப்பிடும், பேப்பரை நீட்டினா உள்ள உறிஞ்சிட்டு நன்றி சொல்லும். பிள்ளைங்க தரையில குப்பை தேடி ஓடுவாங்க, திரும்பத் திரும்ப. அந்தத் தொட்டிக்கு வரிசையோ ஆப்போ தனிக் காசோ கிடையாது. இதை யோசிச்சவங்களுக்கு பிள்ளைங்களைத் தெரிஞ்சிருக்கு. உங்ககிட்டயும் அப்படிப்பட்டவங்க நிறைய இருக்காங்கன்னு எனக்குத் தெரியும், வேஷம் போட்டுட்டு அந்த வெயில்ல முட்டி போட்டு ஒரு பேசாத பிள்ளையோட கண்ணைப் பார்த்து அஞ்சு நிமிஷம் காத்திருக்குறவங்களை நான் பார்த்திருக்கேன். ஒரு பெற்றோர் கைக்குழந்தையோட வெளிய இருந்துட்டு, மறுபடி வரிசை நிக்காம மாறி ஏறிக்கலாம்னு வச்சிருக்குற வசதியும் அருமையான விஷயம். அதனாலதான் இந்த இடங்களை வேண்டாம்னு தூக்கிப் போட மனசு வரல, இவ்வளவு நீளமா எழுதிட்டும் இருக்கேன்.

நான் கேக்குறது ரொம்ப இல்ல. வரிசையைக் காசுக்கு விக்கிறதை நிறுத்துங்க, முடியாதுன்னா காசு கட்டின அந்த வழிக்கு எத்தனை சீட் ஒதுக்குறீங்கன்னு ஒவ்வொரு ரைடு வாசல்லயும் எழுதிப் போடுங்க, சாதா வரிசையில நிக்கிறவங்களுக்கு அது தெரியணும். ஸ்கூல் லீவு நாள்ல பிள்ளைங்க டிக்கெட்டையாவது பாதி விலைக்குக் குடுங்க. டிக்கெட் பக்கத்துல முதல் கேள்வியா எத்தனை பேர், என்ன வயசு, எவ்வளவு உயரம், எந்தத் தேதின்னு கேட்டு, பார்க்கிங், வரி, வரிசைப் பாஸ் எல்லாம் சேர்த்து அந்த ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு, உங்க பிள்ளை எந்தெந்த ரைடு ஏற முடியும், எது முடியாதுன்னு ஒரே திரையில காட்டுங்க, கார்டு நம்பர் கேக்குறதுக்கு முன்னாடி. அந்தத் தொகையைப் பார்த்துட்டு சில குடும்பம் இந்த வருஷம் வேண்டாம்னு மூடிட்டுப் போகும், போகட்டும். பிள்ளை வளர்ந்ததும் கடன் இல்லாம, ஒரு நாளோ ரெண்டு நாளோ போதும்னு தெரிஞ்சுக்கிட்டு வருவாங்க. அடுத்த சீசன் விலையை அறிவிக்கிறதுக்கு முன்னாடி இந்த ஒரு பக்கத்தைப் போட்டுக் குடுங்க, மத்ததை அப்புறம் பேசலாம்.

இப்படிக்கு,
பிள்ளைங்களோட சாதா வரிசையில நின்ன ஒரு அம்மா