சுவரில் ஒட்டும் பட்டியலுக்குக் கோடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தக்கலையில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து அலுவலகம் ஒன்றின் சுவரில் அண்மையில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார்கள். பெயர், தகப்பனார் பெயர், வீட்டுப் பெயர், சர்வே எண், எத்தனை செண்ட், தொகை எல்லாம் இருந்தது. கோடு மட்டும் ஒன்றுகூட இல்லை.

நம் மாவட்டத்தில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். காட்டுவிளையா, புதுவிளையா என்று வீட்டுப் பெயரைப் பார்த்துத்தான் ஆளைப் பிரிக்க வேண்டும். பெயர் இடது ஓரத்தில், தொகை வலது ஓரத்தில் என்றால் கண் வழுக்காமல் என்ன செய்யும்? ஒரு பாட்டி குடையைத் தாளின்மேல் படுக்க வைத்து வரி பார்த்தார். யாரோ தன் பெயருக்குக் கீழே பேனாவால் இழுத்த கோடு, கோணிக்கொண்டு போய் அடுத்தவர் தொகையில் முட்டி நின்றது. அதையே போனில் படம் பிடித்துக்கொண்டு, ‘இதுல எனக்கு எவ்வளவுன்னு பாரு மக்ளே’ என்று என் கடைக்கு வருகிறார்கள்.

காரணம் சின்னதுதான். இந்த மாதிரிப் பட்டியல்களை டைப் செய்யும் எக்செல் திரையில் தெரியும் சாம்பல் நிறக் கட்டங்கள், நாமாகச் சொன்னால் ஒழிய தாளில் வராது. டைப் செய்பவர் திரையைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார். பிரிண்ட் பிரிவியூவை ஒரு தடவை பார்த்தால் தெரிந்துவிடும், யார் பார்க்கிறார்கள்! அவசரம் என்றால் பேஜ் லேஅவுட்டில் கிரிட்லைன்ஸுக்குக் கீழே பிரிண்ட் என்ற இடத்தில் டிக் போட்டால் போதும். எக்செலுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர் அதில் ஃபார்மேட், பேஜ் ஸ்டைல் போய் ஷீட் பக்கத்தில் கிரிட்டை டிக் செய்ய வேண்டும். ஒழுங்காகச் செய்ய நினைப்பவர் பட்டியல் முழுவதையும் செலக்ட் செய்து, ஹோமில் பார்டர் பட்டனை விரித்து ஆல் பார்டர்ஸ் கொடுக்கலாம்.

இதைச் சொன்னால் சிலர் எல்லாக் கட்டத்துக்கும் தடித்த கோடு போட்டுவிடுவார்கள். ஜன்னல் கம்பிக்குள் எழுத்தை அடைத்த மாதிரி இருக்கும், அதுவும் வேண்டாம். வரிசைகளுக்கு மெல்லிய கோடு, தலைப்புக்குக் கீழே மட்டும் தடித்தது, மொத்தத் தொகைக்கு அடியில் இரட்டைக் கோடு. கன்ட்ரோலையும் 1-ஐயும் சேர்த்து அழுத்தினால் வரும் பெட்டியில் பார்டர் பக்கம் இருக்கிறது. அங்கே கோட்டின் வகையை முதலில் தேர்ந்துவிட்டு, அப்புறம் கட்டத்தின் எந்தப் பக்கத்துக்கு என்று சொல்ல வேண்டும். மாற்றிச் செய்துவிட்டு ‘மாறவே மாட்டேங்குது’ என்பவர்கள் நிறைய.

இன்னொன்று, பட்டியல் பல பக்கம் போனால் தலைப்பு வரி எல்லாப் பக்கத்திலும் வர வேண்டும். பேஜ் லேஅவுட்டிலேயே பிரிண்ட் டைட்டில்ஸ் இருக்கிறது. இல்லாவிட்டால் மூன்றாம் தாளுக்கு முன்னால் நிற்பவர், எது செண்ட், எது ரூபாய் என்று பார்க்க முதல் தாளுக்கு ஓட வேண்டியிருக்கிறது.

— வாசகர், தக்கலை