செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: குடியிருப்போரின் உணவும் உடல்நலமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடியிருப்புப் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் குடியிருப்பில் உள்ளவர்களில் பெரும்பாலோர் தொழுநோய்க்கான கூட்டு மருந்து சிகிச்சையை முடித்துப் பல ஆண்டுகள் ஆனவர்கள். உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த அச்சிகிச்சை கிருமியை அழித்ததே தவிர, அதற்கு முன்பே செயலிழந்த நரம்புகளை மீட்டுத் தரவில்லை. மரத்த பாதத்தில் புண் வருவதும் ஆறுவதும் மீண்டும் வருவதுமே இன்று நமக்குள்ள தொல்லை. புண் ஆறப் புரதம் வேண்டும். நம்மில் பலரோ கஞ்சியும் ஊறுகாயுமாகவே காலம் தள்ளுகிறோம். ஆகவே இவ்வாண்டு செயற்குழு மற்ற பணிகளைக் குறைத்துக்கொண்டு அடுப்படியைக் கவனித்தது.

வீடு வீடாகச் சென்று பார்த்ததில், குறை பணத்தில் மட்டும் இல்லை, கையிலும் இருக்கிறது என்பது தெரிந்தது. வாசலில் முருங்கை தழைத்து நிற்கிறது; மடங்கிய விரல்களால் கீரை ஆய முடியாததால் அது ஆட்டுக்குப் போகிறது. கொத்துகளைத் துணியில் சுற்றி இரவு முழுவதும் வைத்தால் காலையில் உதறியதும் இலைகள் தாமாகக் கொட்டிவிடும் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்ன வழி இப்போது பல வீடுகளில் நடைமுறையில் உள்ளது. சூடு தெரியாமல் பாத்திரத்தைப் பிடித்து, கொப்புளத்தை மாலையில்தான் காண்பவர்களுக்காக, கரண்டிக் காம்புகளிலும் வாணலிப் பிடிகளிலும் மரக்கைப்பிடி பொருத்திக் கொடுத்தோம், இடுக்கியும் வழங்கினோம்.

புண் உள்ளவர் முட்டை தின்றால் சீழ் பிடிக்கும் என்ற பத்தியம் இன்னும் வலுவாகவே இருக்கிறது. செவிலியர் வந்து விளக்கியும் பாதிப் பேர்தான் நம்பினார்கள் என்பது என் கணிப்பு. முட்டை வேண்டாம் என்பவர்களுக்குச் சுண்டலும் வேர்க்கடலையும் தருகிறோம்.

இன்னும் சிகிச்சையில் உள்ளவர்களில் சிலருக்கு, கூட்டு மருந்தில் ஒன்றான டாப்சோன் மாத்திரை இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கக்கூடும். நோயின் எதிர்வினையாக நரம்பிலும் தோலிலும் வரும் அழற்சிக்காகப் பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை மாதக்கணக்கில் உட்கொள்பவர்களுக்குச் சர்க்கரை ஏறலாம், எலும்பும் பலவீனப்படலாம். இந்நிலையில், பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் கேசரியும் ஜிலேபியும் கொண்டுவரும் நல்ல உள்ளங்களிடம், அதே செலவில் பருப்பும் முட்டையும் தாருங்கள் என்று எழுத்து மூலம் வேண்டிக்கொண்டோம். சிலர் வருந்தினர், ஆனாலும் இக்கோரிக்கையைத் தளர்த்தக் கூடாது என்பதே என் கருத்து.

மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா ரேஷன் அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி உண்டு. ஆனால் விரல் இழந்தவர்கள் கைரேகைக் கருவி முன் நின்று வெறும் பையோடு திரும்பிய நாட்களும் இவ்வாண்டில் இருந்தன. கருவிழிப் பதிவு சிலருக்குக் கைகொடுத்தது. இமை மூடாமல் கண் பழுதானவர்களுக்கு அதுவும் பயன்படவில்லை. அவர்கள் சார்பில் வேறொருவர் பொருள் வாங்க அனுமதி கோரி மனு அளித்துள்ளோம், பதிலை எதிர்பார்க்கிறோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பாத பராமரிப்பும் உணர்விழந்த பாதத்தைக் காக்கும் மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு வழங்கலும் வழக்கம்போல் நடைபெற்றன. இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்