கல் சுமக்க வேண்டாம், பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடக்கும் மாதங்களில், ஏழைக் குடும்பத்துக்கு வீடு கட்ட உதவும் மாணவர்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றும் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. நல்ல மனசுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கல் சுமக்க எந்த ஊரிலும் ஆள் உண்டு. ஒரு சித்தாள் அரை நாளில் முடிக்கும் வேலையை நாற்பது பேர் கூடிச் செய்தால் அந்த அம்மாவின் கூலி போனதுதான் மிச்சம். தன்னார்வலர் வராவிட்டால் யாருமே செய்யாத வேலைகள் அதே வீட்டில் இருக்கின்றன.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீடு 360 சதுர அடி, மதிப்பு ரூ.3.5 லட்சம். அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. பணம் கட்டம் கட்டமாக வரும். பெரும்பாலும் குடும்பமே மேஸ்திரியைப் பிடித்துக் கட்டிக்கொள்ளும். ஒன்றிய மேற்பார்வையாளர் பல ஊர்களைப் பார்க்க வேண்டியவர், கலவை போடும் நேரமெல்லாம் நிற்க அவரால் முடியாது. அந்த இடத்தில் நிற்கத்தான் ஒரு தன்னார்வலர் தேவை. ஒரு டேப், ஒரு ரசமட்டம், கோடு போட்ட ஒரு வாளி, ஒரு நோட்டு. இவ்வளவுதான் கருவி.

முதல் வேலை கடைக்கால் தோண்டும் முன்பே. நூல் கட்டியதும் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். 15க்கு 20 அடி என்றால் இரண்டும் சரியாக 25 அடி வர வேண்டும். ஓர் அங்குலம் வித்தியாசம் வந்தாலும் ஆணியைப் பிடுங்கித் திரும்ப அடிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. விட்டால் கோணல் கூரை வரை போகும்.

சுவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செங்கல்லை நனைத்து வைக்க வேண்டும், ஒரே நாளில் ஐந்தடிக்கு மேல் ஏற்றக் கூடாது.

வீட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது கான்கிரீட் போடும் அந்த ஒரு நாள். ஐந்து அங்குலக் கனத்தில் மூன்று சதுரக் (ஒரு சதுரம் என்பது 100 சதுர அடி) கூரைக்குச் சுமார் 28 மூட்டை சிமெண்ட் ஆகும். கலவை 1:1½:3. ஒரு மூட்டை சிமெண்ட் 35 லிட்டர் கொள்ளளவு. அதனால் உள்ளளவு 40க்கு 35க்கு 25 சென்டிமீட்டரில் ஒரு மரப்பெட்டி செய்துவிட்டால், மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி முக்கால் அங்குல ஜல்லி. இதைச் சட்டிக் கணக்கில் விட்டால் காலையில் கோபுரமாக அள்ளும் கை மதியம் பாதி அள்ளும், ஒவ்வொரு கலவையும் ஒரு மாதிரி இருக்கும்.

உண்மையான தகராறு தண்ணீரில்தான். மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது; எம்-சாண்ட் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். கான்கிரீட் போடும் குழு மொத்தக் கூலிக்கு வருகிறது. கலவை ஓடுகிற பதத்தில் இருந்தால் தூக்குவதும் பரப்புவதும் சுலபம், மதியத்துக்குள் வேலை முடியும். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, தலையில் சட்டியோடு ஏணி ஏறுகிறவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் கூடுதலாகப் போன தண்ணீர் ஆவியாகிப் போன பிறகு, அது இருந்த இடமெல்லாம் நுண்துளை. பலம் குறையும், மழை இறங்கும். இதைக் கான்கிரீட் நாளன்று எல்லோர் முன்னாலும் பேசக் கூடாது. முந்தின நாள் மாலையே மேஸ்திரியிடம், “அண்ணே, வாளிக் கணக்கில்தான் தண்ணி ஊத்தணும், நானே நின்னு ஊத்தித் தரேன்” என்று சொல்லிவிட வேண்டும். கலவையை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டருக்கும் அன்றே சொல்லி வைத்துவிட்டால், தண்ணீர் கேட்கும் காரணமும் பாதி குறைந்துவிடும்.

அதே மாலையில் பார்க்க வேண்டிய இன்னொன்று கம்பி. கூரைக் கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக், அதாவது கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டை, இருக்க வேண்டும். பல இடங்களில் ஜல்லித் துண்டைச் செருகுகிறார்கள். ஆள் மிதித்ததும் அது நழுவி, கம்பி பலகையில் போய் உட்கார்ந்துவிடும். மூன்று சதுரத்துக்கு ஐம்பது அறுபது கவர் பிளாக் இருந்தால் போதும், பெரிய செலவில்லை. பழைய தொகுப்பு வீடுகளில் கூரையின் அடிப்பக்கம் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி எலும்பாகத் தெரிகிறதே, அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று கம்பிக்கு அடியில் இந்த முக்கால் அங்குல இடைவெளி இல்லாமல் போவதுதான். கடலோர ஊர்களில் உப்புத் தண்ணீரில் கலவை போட்டது இன்னொன்று.

சன்ஷேடு இதற்கு நேர் எதிர். வெளியே நீட்டி நிற்பதால் அதன் முதன்மைக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கலவை கொட்டும்போது யாராவது அதன்மேல் நடந்தால் கம்பி கீழே இறங்கிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பலகையைப் பிரிக்கும் அன்றைக்கே சன்ஷேடு விழுந்த இடங்களும் உண்டு. கம்பியைத் தாங்க அடியில் ‘சேர்’ எனும் வளைத்த கம்பித் துண்டு வைத்துக் கட்டி, நடக்கத் தனிப் பலகை போட்டு, அந்த இடத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள்.

அடுத்துத்தான் நீராற்றும் வேலை, அதாவது கான்கிரீட்டைக் காயவிடாமல் ஈரமாகவே வைத்திருப்பது. மாணவர்கள் தேவைப்படுவது இதற்குத்தான். கான்கிரீட் போட்ட மறுநாளே கூரையில் சாந்தால் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும். அதற்கு முன், போட்ட அன்று மாலையே மேற்பரப்பு இறுகியதும் நனைத்த கோணிச் சாக்கு போட வேண்டும். இல்லையென்றால் வெயில் காற்றிலேயே முடி போல வெடிப்பு ஓடிவிடும். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பி.பி.சி. எனும், சாம்பல் கலந்த சிமெண்ட். அதற்கும் நம் வெயிலுக்கும் குறைந்தது 10 நாள், 14 நாள் என்றால் இன்னும் நல்லது. நடப்பது என்ன? கணவன், மனைவி இருவரும் காலையில் கூலிக்குப் போய்விடுவார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வருவது அந்த நேரத்தில்தான். மூன்றாம் நாள் பாத்தி காய்ந்து கிடக்கும். ஒன்றரை அங்குலம் தேக்க ஆயிரம் லிட்டருக்குச் சற்று மேல் தேவை. பிறகு சித்திரை வெயிலில் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு குடமாவது ஊற்றி ஈடு செய்ய வேண்டும். வெளிச்சுவருக்கும் பூச்சுக்கும் இதே கவனிப்பு, குறைந்தது ஏழு நாள்.

சென்ட்ரிங் (கூரையைத் தாங்கும் பலகை, முட்டு) வாடகை ஏறுகிறதே என்று முட்டுகளை அவசரப்பட்டு எடுப்பதையும் தன்னார்வலர் தடுக்கலாம். பதினைந்தடிக்கு உட்பட்ட அகலத்துக்கே ஏழு நாள் கட்டாயம்; பி.பி.சி. என்றால் இன்னும் சில நாள் விட்டுப் பிரிப்பது நல்லது. கான்கிரீட் போட்ட தேதியை நோட்டில் எழுதி, சுவரிலும் கரிக்கட்டையால் எழுதிவிட்டால் வாக்குவாதம் இருக்காது. ஒவ்வொரு கட்டமும் முடிந்த அன்றே ஒன்றிய அலுவலகத்துக்குச் சொல்லிப் படம் பதிவாகச் செய்வதும் அந்த நோட்டுக்காரர் வேலைதான். அங்கே தாமதமானால் அடுத்த தவணையும் தாமதமாகும், குடும்பம் வட்டிக்கு வாங்கும்.

சிறப்பு முகாம் 7 நாள்தான் என்பதால் 14 நாள் நீராற்றுவது அதற்குள் அடங்காது. ஆனால் ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும் என்ற வழக்கமான கணக்கு இருக்கிறதே! காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்று 14 நாளைக்கு 28 மணி நேரம்தான் ஆகிறது. அதே ஊர் மாணவராக இருந்தால் பேருந்துச் செலவும் இல்லை. அந்தந்த வாரம் எந்தெந்த வீட்டுக்குக் கூரை போடுகிறார்கள் என்ற பட்டியலை ஒன்றிய அலுவலகங்கள் அருகிலுள்ள கல்லூரிகளின் திட்ட அலுவலர்களுக்குத் திங்கட்கிழமைதோறும் அனுப்ப மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்கள் சிலர்,
திருவாரூர் மாவட்டம்.