நிம்ஃபேயா என்றால் அல்லி, தாமரை அன்று

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார இணைப்பிதழில் வெளியான நீர்த்தாவரங்கள் கட்டுரையை ஆவலோடு படித்தேன். குளத்துப் பூக்களுக்கு இரண்டு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால், 'நிம்ஃபேயா எனப்படும் தாமரை' என்ற வரியைப் படித்ததும் மனம் கேட்கவில்லை. படத்தில் இருந்ததும் தாமரை இல்லை. அதை முதலில் கண்டுபிடித்தவள் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி. "தாத்தா, இந்த இலையில ஒரு பக்கம் வெட்டு இருக்கே, தாமரை இலை முழு வட்டமால்ல இருக்கும்?" என்று கேட்டாள்.

அந்த வெட்டுதான் அடையாளம். அல்லி இலையின் விளிம்பிலிருந்து காம்பு வரை ஒரு பிளவு ஓடும். தாமரை இலையில் பிளவே கிடையாது. குடைக்குக் கம்பி போல நட்டநடுவில் காம்பு சேர்ந்திருக்கும். எங்கள் வீட்டுத் தொட்டிகளில் இரண்டும் இருக்கின்றன. இரண்டிலும் ஒவ்வொரு காம்பை வெட்டி அவள் கையில் கொடுத்தேன். தாமரைக் காம்பு சொரசொரவென்று முள்ளாய் உறுத்தியது. அல்லிக் காம்பு வழுக்கிக்கொண்டு போனது. குறிஞ்சிப்பாட்டில் பூக்களைப் பட்டியலிடும் கபிலர் 'முள் தாள் தாமரை' என்கிறார். தாள் என்றால் காம்பு. அதே பட்டியலில் ஆம்பல், குவளை, நெய்தல் மூன்றும் தனித்தனியே வருகின்றன. குளத்தில் இறங்கித் தொட்டுப் பார்த்தவர் சொல்லும் சொல் அது!

நிம்ஃபேயா என்பது கிரேக்கத்திலிருந்து வந்த பெயர். நீர்நிலைகளில் உறையும் தேவமகளிரைக் கிரேக்கர்கள் 'நிம்ஃப்' என்றார்கள். நம் இலக்கியத்தின் நீரரமகளிர் மாதிரி. தாவரவியலில் அது ஒரு பேரினத்தின் பெயர், அதாவது பல சிற்றினங்களுக்குப் பொதுவான முதற்பெயர். இரவில் மலரும் வெள்ளாம்பல் நிம்ஃபேயா பியூபெசன்ஸ். இலையின் அடிப்பக்கத்தில் மென்மயிர் இருப்பதால் அந்தப் பெயர். நீல அல்லி நிம்ஃபேயா நௌசாலி. இலங்கையின் தேசிய மலர் இந்த நீலோற்பலம்தான். இந்தியாவின் தேசிய மலரான தாமரையோ நெலும்போ நூசிஃபெரா. 'நூசிஃபெரா' என்றால் கொட்டை தருவது. 'நெலும்போ' சிங்களத்தின் 'நெலும்' என்ற சொல்லிலிருந்து போனது. ஒரு பக்கத்து மொழிச் சொல் உலக அறிவியலில் நிலைத்திருக்கும்போது, நாம் அதை விட்டுவிட்டு அல்லியின் பெயரைத் தாமரைக்குச் சூட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இந்தக் குழப்பம் பழையது. 1753-இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸே தாமரையை 'நிம்ஃபேயா நெலும்போ' என்று அல்லியோடு சேர்த்துத்தான் எழுதினார். 1763-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் அடான்சன் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். பிற்கால மரபணு ஆய்வுகளோ இரண்டையும் இன்னும் வெகுதூரம் விலக்கிவிட்டன. பூக்கும் தாவரங்களின் வரலாற்றில் மிக ஆரம்பத்திலேயே கிளைத்த வழி அல்லியினுடையது. தாமரைக்கு நெருங்கிய உறவு மக்கடேமியா போன்ற மரங்கள்! ஒரே குளம், ஒரே மாதிரி பூ. உறவு மட்டும் இல்லை.

ஆங்கிலத்தை அப்படியே பெயர்ப்பதில்தான் இன்றைய தவறுகள் பெருகுகின்றன. எகிப்தின் 'புளூ லோட்டஸ்' தமிழில் 'நீலத்தாமரை' ஆகிவிடுகிறது. அது நிம்ஃபேயா செருலியா, அல்லி. 'நிம்ஃபேயா லோட்டஸ்' என்ற பெயரே இருக்கிறது, அதுவும் அல்லிதான். 'லோட்டஸ்' என்று தனியாக ஒரு பேரினம் உண்டு. அது குளத்துச் செடியே அல்ல, பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. உங்கள் கட்டுரை 'நிம்ஃபாய்டிஸ்' செடியையும் அல்லி வகை என்கிறது. 'ஆய்டிஸ்' என்ற ஈறு 'போன்றது' என்றுதான் பொருள்படும். அல்லி போல மிதக்கும் இலை உடையது, ஆனால் வேறு குடும்பம்.

இன்னொன்று. ஒரே கட்டுரையில் நிம்ஃபேயா, நிம்பியா, நிம்பாயா என்று மூன்று விதமாக அச்சாகியிருக்கிறது. ரோமன் எழுத்தில் பேரினப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும், முழுப்பெயரும் சாய்வெழுத்தில் நிற்கும். பார்த்ததுமே அறிவியல் பெயர் என்று தெரிந்துவிடும். தமிழில் பெரிய எழுத்து இல்லை. அதனால் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருப்பதும், பேரினமும் சிற்றினமும் சேர்ந்தே வருவதும் அவசியம். முதலில் அல்லி, ஆம்பல் என்று நம் பெயர், அடுத்து அறிவியல் பெயர் என்று அச்சிட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனதில் நிற்கும்.

அடுத்த இதழில் அந்தப் படத்தின் கீழ் 'அல்லி' என்று திருத்தம் வெளியிடுங்கள். என் பேத்தி அதை வெட்டி நோட்டில் ஒட்டக் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர்