நிலாவின் பந்தைப் பிடுங்காதே

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. பையன்களோடு உன் மகள் நிலா கால்பந்து ஆடுவதை நிறுத்தச் சொல்லி உன் மாமியார் வீட்டில் பேச்சு கிளம்பியிருப்பதை நாலே வரியில் எழுதிவிட்டு, மீதிப் பக்கத்தையெல்லாம் கிரைண்டர் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறாயே! எனக்கு அந்த நாலு வரியிலேயே மனம் நின்றுவிட்டது.

மரியா முட்டோலாவை ஞாபகம் இருக்கிறதா? 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டம். ஆஸ்திரேலியாவின் கேத்தி ஃப்ரீமன் 400 மீட்டரில் ஜெயித்த அதே நாள். ஹாஸ்டல் டிவி முன்னால் எல்லோரும் ஃப்ரீமன், ஃப்ரீமன் என்று கத்த, நீ மட்டும் முட்டோலாவுக்காக நாற்காலி மேல் ஏறி நின்றாய். 1 நிமிடம் 56.15 விநாடி. ஆப்பிரிக்காவில் இருக்கும் அவள் நாடான மொசாம்பிக்குக்கு முதல் ஒலிம்பிக் தங்கம். இன்றுவரை வேறு தங்கம் இல்லை.

அவள் தொடங்கியது ஓட்டத்தில் இல்லை, கால்பந்தில். தலைநகர் மாபுத்தோவில் ஏழைகள் நெருக்கியடித்து வாழும் சாமான்குலோவில் பிறந்தவள். நாட்டில் உள்நாட்டுப் போர். பையன்கள் அணியில் ஆடினாள். அணி ஜெயித்ததும், பெண் எப்படி ஆடலாம் என்று எதிரணி புகார் செய்தது. அதோடு பந்து போயிற்று. ஜோசே கிராவெய்ரின்யா என்ற கவிஞர் அவளைக் கவனித்து ஓட்டப் பயிற்சிக்கு அழைத்துப் போனார். போர்த்துக்கீசிய மொழியின் பெரிய விருதான கமாயிஷ் பரிசு வாங்கியவர் அவர். ஒரு கவிஞனுக்கு இதைவிட நல்ல காரியம் என்ன இருக்கிறது, சொல்! 15 வயதில் சியோல் ஒலிம்பிக். 1991இல் உதவித்தொகையில் அமெரிக்கா போய்ப் படிப்பும் பயிற்சியும். 1993இல் உலக சாம்பியன். 2003இல் கோல்டன் லீக் என்ற பெரிய தடகளத் தொடரின் பந்தயங்கள் அத்தனையிலும் ஜெயித்து, பத்து லட்சம் டாலரைத் தனியாளாக அள்ளினாள்.

ஏதென்ஸ் 2004தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கடைசி நேர்கோட்டில் முன்னால் வந்தவளை, கூடவே பயிற்சி செய்த கெல்லி ஹோம்ஸ் முந்திவிட்டாள். தங்கத்துக்கும் முட்டோலாவின் நாலாம் இடத்துக்கும் நடுவே 0.13 விநாடி. ஆனாலும் விடவில்லை, பெய்ஜிங் வரை ஆறு ஒலிம்பிக் ஓடினாள். ஓட்டத்தை முடித்தபின் என்ன செய்தாள் தெரியுமா? மொசாம்பிக் பெண்கள் அணிக்காகக் கால்பந்து ஆடப் போனாள்! 2011 ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டியில், 38 வயதில்.

பந்தைப் பிடுங்கினால் நிலாவும் ஓட்டத்தில் சாம்பியன் ஆவாள் என்று கணக்குப் போடாதே. முட்டோலா பக்கம் ஒரு கவிஞர் வந்தார். நிலாவுக்கு இப்போதைக்கு நீதான்டி இருக்கிறாய். வீட்டில் நீ பேசு. சிவாவையும் பேச வை, எப்போதும்போல் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்ள விடாதே.

தீபாவளிக்கு முன்னால் ஊருக்கு வருகிறேன். நிலாவின் கால் அளவு எழுது, பூட்ஸ் வாங்க வேண்டும். கொஞ்சம் பெரியதாக இருக்கட்டும் என்று கூட்டிச் சொல்லாதே, சரியான அளவே வேண்டும்.

அன்புடன்,
தேவி