சுங்குடிப் புடவையும் தேன்மெழுகும்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நலம். அப்பாவின் முட்டி வலி குறைந்ததா? மெல்போர்னில் இப்போது நடுக்கும் குளிர்.

நீ கொடுத்தனுப்பிய பழைய மஞ்சள் சுங்குடியை என்ன செய்தாய் என்று போனில் கேட்டபோது மழுப்பிவிட்டேன். வெட்டிவிட்டேன் அம்மா, ஒரு அடிச் சதுரமாக, ஆறு துண்டு. அந்துருண்டை வாசம் போக இரண்டு முறை அலசிய பிறகுதான்.

பாதி வெங்காயத்தை வைக்கக்கூட இங்கே ஒட்டுகிற பிளாஸ்டிக் தாளைக் கிழித்துச் சுற்றுவார்கள், மறுநாள் அது குப்பையில். நானும் செய்தேன். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகை வரும்போது நீ ஓடி ஓடி ஜன்னல் சாத்துவாயே, ஒவ்வொரு முறையும் அதுதான் கண்ணில் நிற்கும்.

அந்தத் தாளுக்குப் பதிலாகத்தான், துணியில் மெழுகு ஏற்றி, கழுவிக் கழுவிப் பயன்படுத்துகிற மூடுதுணி செய்யப் புடவையை வெட்டினேன். முதல் துண்டில் வெறும் தேன்மெழுகு மட்டும் போட்டேன். விறைத்துக்கொண்டு மடித்த இடமெல்லாம் வெடித்தது, பாத்திரத்தில் ஒட்டவே இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, பைன் மரப் பிசினும் ஜோஜோபா என்கிற செடியின் விதை எண்ணெய் கொஞ்சமும் சேர வேண்டும், பிசின்தான் ஒட்ட வைக்கிறது, எண்ணெய் வளைய வைக்கிறது. சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்களும் தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும்தானே கலக்கிறார்கள்!

கலவையைத் துணியில் பரப்பி ஓவனில் ஐந்தாறு நிமிடம் வைத்தேன். வெளுத்த மஞ்சள் நனைந்த மாதிரி அடர்ந்து, உன் புடவையின் வெள்ளைப் புள்ளியெல்லாம் பளிச்சென்று மேலே வந்தது. நுனியைப் பிடித்து நாலு வீசு வீசியதும் இறுகிவிட்டது. இப்போது இட்லி மாவுப் பாத்திரத்தின் மேல் போட்டு உள்ளங்கையால் ஓரத்தைச் சுற்றி அழுத்தினால், கைச்சூட்டில் அப்படியே பிடித்துக்கொள்கிறது.

நம் வீட்டில் ஓவன் இல்லையே என்று யோசிக்காதே, இஸ்திரிப் பெட்டி போதும். கீழே பழைய துண்டு, துணிக்கு மேலும் கீழும் பட்டர் பேப்பர், குறைந்த சூடு. பருத்தி மட்டும்தான், பாலியஸ்டர் கலந்தது வேண்டாம். வண்ணாரப்பேட்டையில் கட் பீஸ் எடுத்தால் கேட்டு வாங்கு.

காசிமேட்டு வஞ்சிரத்தை மட்டும் இதில் சுற்றிவிடாதே. மீன், கறி பட்டால் சுடுதண்ணீரில் கழுவ வேண்டும், தேன்மெழுகு 63 டிகிரி வாக்கில் உருகிவிடும். சூடான சோற்றின் மேலும் போடாதே. பச்சைத் தண்ணீரில் துளி சோப்பு போட்டுத் துடைத்தால் ஒரு வருஷம் ஓடும். கத்திரி வெயிலில் துணியே இளகும், ஃப்ரிட்ஜில் வைத்துவிடு.

முந்தானையை வெட்டவில்லை, அலமாரியில் இருக்கிறது. பரணில் கிடக்கும் அப்பாவின் கிழிந்த வேட்டிகளைத் தூக்கிப் போடாதே, அடுத்து வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
உன் மகள்