அந்தச் சென்சாரை இப்போதே வாங்காதே

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளிடம் என் வாழ்த்தைச் சொல். என் முழங்கால் பரவாயில்லை. படியேறும்போது மட்டும் முனகுகிறது.

சரி, கார் விஷயம். கோளாறு கோடைப் படிக்கும் டெஸ்டரை மாட்டியதும் பி0171 என்ற கோட் வந்தது, புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றப் போகிறேன் என்கிறாய். கொஞ்சம் பொறு. முதல் பேங்கில், அதாவது முதல் சிலிண்டர் இருக்கும் வரிசையில், கலவை லீனாக இருக்கிறது, அதாவது காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு என்பதற்கு மேல் அந்தக் கோட் எதுவும் சொல்லவில்லை. அதையும் கண்டு சொன்னது அந்தச் சென்சார்தான். புகார் கொடுத்தவனையே பிடித்து உள்ளே வைக்கிற கதையாகிவிடும்.

அதே டெஸ்டரில் லைவ் டேட்டாவைத் திற. ஃப்யூயல் டிரிம் என்று ஷார்ட், லாங் இரண்டு எண்கள் ஓடும். பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பதுதான் அது. இரண்டையும் கூட்டிப் பார். பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் நல்லது. கூட்டுத்தொகை 10 சதவீதத்தைத் தாண்டி நின்றால், ஈசியூ, அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டர், கூடுதலாகப் பெட்ரோல் விட்டுச் சமாளிக்கிறது என்று வைத்துக்கொள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங்கில் ஒரு தடவை பார். அப்புறம் 2500 ஆர்பிஎம்மில் பிடித்துப் பார். ஐட்லிங்கில் 20 காட்டியது அங்கே 5-க்கு இறங்கினால், பெரும்பாலும் காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் வேக்கம் லீக்தான், கணக்கில் வராத காற்று எங்கோ உள்ளே புகுகிறது. விரிசல் விட்ட ஹோஸோ, இற்றுப்போன கேஸ்கட்டோ இருக்கும். லோடு ஏற ஏற எண்ணும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் தேடு. கோட்டைப் படித்த கையோடு பார்ட் விலை சொல்லும் மெக்கானிக்குகள் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்வதே இல்லை. எனக்கு அதில்தான் கோபம்.

தம்பி வண்டியில் பி0301 என்றாயே, அது முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. அதன் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலைக் கழற்றி இரண்டாவது சிலிண்டருக்கு மாற்றிப் போடச் சொல். கோட் பி0302 ஆனால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர் என்று போகலாம். எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம். எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.

ஒன்று மட்டும் கேள்: எதையும் இப்போது அழிக்காதே. கோட் பதிவானபோது இருந்த வேகம், ஆர்பிஎம், கூலன்ட் சூடு எல்லாம் டெஸ்டரில் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பக்கத்தில் இருக்கும். கோட்டை அழித்தால் அதுவும் போய்விடும். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
குமார்